வாசக்கதவில் முதல் வசனம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க தம்பி மனைவி எழுதுறேன். நீங்களும் உங்க மூட்டுவலியும் எப்படி இருக்கீங்க? போன தடவை அனுப்பின தைலம் கேட்டுதா?

பயப்படாம படிங்க. போன மாசக் கடைசியில் உங்க தம்பிக்குத் திடீர்னு உடம்புக்கு முடியாம போச்சு. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து சட்டத்துக்குள்ள லென்ஸைப் பொருத்திக்கிட்டு இருந்தவர் அப்படியே மேஜை மேல சாய்ஞ்சுட்டாராம். முதலாளிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனார். லேசான பக்கவாதம்னு சொன்னாங்க. வலது கை சோர்ந்து கிடக்கு. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். மத்தபடி சாப்பிடுறார், தூங்குறார், ஆளை அடையாளம் தெரியுது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. நான் மருந்துக்கடையில் லீவு போட்டிருக்கேன்.

பேச்சைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால யாரையும் பார்க்க விடல. நீங்களும் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஜெபத்தில் மட்டும் நினைச்சுக்கங்க.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜனவரி 25

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தையல் கூடத்திலேயே நின்னுக்கிட்டுப் படிச்சேன். மேஸ்திரி வந்து நாற்காலி போட்டு உட்கார வச்சார். மூட்டுவலி கிடக்கட்டும், அது எங்கேயும் போகாது. தம்பியைப் பத்தி இன்னும் விவரமா எழுது. போன்ல விசாரிக்க எனக்குக் கொடுத்து வைக்கல. சின்ன வயசுக் காய்ச்சல்ல போன காது, இப்ப மிச்சமும் போச்சு. இத்தனை தையல் மெஷின் ஒண்ணா ஓடுறதே எனக்கு எங்கேயோ மழை பெய்யுற மாதிரிதான்.

பேச்சைக் குறைக்கணும்னா ஊர்ப்பேச்சைக் குறைக்கட்டும். வசனத்தைக் குறைக்கச் சொல்லிடாதே, அவனுக்கு மூச்சு முட்டிப் போகும். வேதத்தில் இருக்கிற அந்த நீளச் சங்கீதத்தைக் காலையில் சொல்றானா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் வகுப்பு எடுக்கிறாங்க? எங்க அப்பா சபை மூப்பரா நின்னு வேதம் வாசிச்சா கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேட்கும். அந்தக் குரல்தான் தம்பிக்கு வந்திருக்கு. அதை வீணாப் போக விடாதே.

இடது கையால ஒரே ஒரு வரி எழுதச் சொல்லு. கோணலா இருந்தாலும் பரவாயில்லை.

உன் மேல் பிரியமுள்ள அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்க நலத்தையே விரும்புறோம். பதில் தாமதமானதுக்கு மன்னிக்கணும். வீட்டு வேலை, ஆஸ்பத்திரி, மருந்துக்கடைன்னு ஓடிட்டு இருக்கேன்.

உங்க தம்பி அப்படியேதான் இருக்கார். எழுத இன்னும் கை வரல. தொண்டையிலும் கொஞ்சம் பிரச்சினை. பிள்ளைகளோட வகுப்பைப் போதகர் வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டார். பிள்ளைகள் இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்துச்சுங்க. "மாஸ்டர் தூங்குறார்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

வீடு வெறிச்சுனு இருக்கு அக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே, நீளச் சங்கீதத்தை அவர் எப்படி வீடு முழுக்கப் பரப்பி வச்சிருக்கார்னு. எட்டு எட்டு வசனமா பிரிச்சு, முதல் எட்டு வாசக்கதவுக்கு, அடுத்தது செருப்பு வைக்கிற பலகைக்கு, அப்புறம் ஜன்னல், குழாய், அலமாரி, மாடிப்படின்னு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பங்கு. காலையில் எழுந்ததும் அந்தந்த இடத்தில் நின்னு அந்தந்தப் பங்கைச் சொல்லிட்டுத்தான் காபி குடிப்பார். பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுப்பார். "நேத்துப் படிச்சதைச் சொல்லாம இன்னைக்குப் படிக்காதே. புஸ்தகத்தில் தேடாதே, வீட்டில் தேடு"ன்னு. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு ஒரு சின்னச் சங்கீதம்கூட முழுசா நிக்காது. என்னைக் கேலி பண்ணுவார், ஆனா பிள்ளைகள் முன்னாடி பண்ண மாட்டார்.

இப்ப அவர் படுக்கையைப் பின்னறைக்கு மாத்தியிருக்கேன். அங்கே அமைதியா இருக்கும்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு எழுதுற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை, கோவிச்சுக்காதே.

உங்க வீட்டுப் பின்னறையில் நான் தங்கியிருக்கேன். ஒரு ஜன்னல், அதைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர். மூட்டை முடிச்சு வைக்கிற இடம் அது. உடம்புக்கு முடியாதவனை யாராவது அங்கே படுக்க வைப்பாங்களா?

போதகர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கார். வீட்டுக்கு வந்தவரை நீ முன்னறையோட திருப்பி அனுப்பிட்டதாவும், உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டதாவும், அப்புறம் சட்டுன்னு நின்னுட்டதாவும் எழுதியிருக்கார். உன்னைக் குறை சொல்லல, பாவம், கவலைதான் படுறார். டாக்டர் பேசக் கூடாதுன்னு சொன்னாரா, இல்லை நீ சொன்னியா?

நான் வரட்டுமா? வேண்டாம்னு மறுபடி எழுதாதே. என்ன நடக்குதுன்னு எழுது.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு எழுத உட்கார்ந்து, பல தடவை கிழிச்சுப் போட்டேன்.

பொய் சொல்லிட்டேன் அக்கா. தொண்டையில் ஒண்ணும் இல்லை. பேசக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லல. பேச்சே போயிடுச்சு. என் பேர் வராது, தண்ணீர்னு கேட்க வராது, ஆமா இல்லை வராது. வர்றது ஒரே ஒரு வார்த்தை. அது கெட்ட வார்த்தை. தெருவில் குடிச்சுட்டுச் சண்டை போடுறவன்கூட பொம்பளை முன்னாடி சொல்லக் கூசுற வார்த்தை. பசிச்சாலும் அதுதான், வலிச்சாலும் அதுதான், நான் முகம் துடைச்சு விட்டா சிரிச்சுக்கிட்டே சொல்றதும் அதுதான். அவர் குரலிலும் வரல. முதல்ல தொண்டையைச் செருமுறார், அப்புறம் கட்டைக் குரலில், "ஏய்" போட்டு, யாரையோ கூப்பிடுற மாதிரி அதைச் சொல்றார். சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போடுது. சங்கீதப் புஸ்தகத்தைப் பிரிச்சுக் கையில் கொடுத்துப் பார்த்தேன். எழுத்தையே வெறிச்சுப் பார்க்கிறார், ஒரு வரி வரல.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாங்க, புதுசா வாக்கியம் கட்டுற இடம் மூளையில் அடிபட்டுடுச்சாம். பழகிப் பழகி உள்ளே பதிஞ்சது மட்டும் வேற இடத்தில் தப்பிச்சு இருக்குமாம். பாட்டு, ஜெபம், திட்டு இந்த மாதிரி. அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு ஒரே யோசனை. பழகினதுதான் வரும்னா, இந்த மனுஷன் இதை எங்கே பழகினார்? யாரைக் கூப்பிட்டுப் பழகினார்? கூட வாழ்ந்தவருக்கு நான் பார்க்காத இன்னொரு முகம் இருந்துச்சோன்னு நினைச்சேன். இதை எழுதவே கை கூசுது.

அதுக்குத்தான் பின்னறை. அங்கே என்ன சத்தம் போட்டாலும் தெருப் பக்கம் கேட்காது.

போதகர் வந்த அன்னைக்கு, அவர் குரலைக் கேட்டதும் உள்ளேயிருந்து இவர் ஆரம்பிச்சுட்டார். சந்தோஷத்தில் கூப்பிடுறார்னு எனக்குத் தெரியும் அக்கா, ஆனா வந்தது அந்த வார்த்தை. நான் ஓடிப்போய் உள்ளங்கையால அவர் வாயைப் பொத்தினேன். அழுத்திப் பொத்தினேன். என் கைக்குள்ள அவர் உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் என்னைத் தள்ளல. கண்ணை மட்டும் மூடிக்கிட்டார்.

அதிலிருந்து யார் காலடிச் சத்தம் கேட்டாலும் அவரே இடது கையால வாயைப் பொத்திக்கிறார். நான் சாப்பாடு கொண்டு போனாலும் பொத்திக்கிறார்.

இதைப் படிச்சுட்டு என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா இருக்கீங்களா? ஒரு மாசமா உங்ககிட்ட இருந்து பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்துச்சா இல்லையான்னுகூடத் தெரியல. சேர்ந்திருந்தா, நான் உங்க தம்பியைப் பத்தித் தப்பா நினைச்சதுக்குத்தான் கோபம்னு புரியுது.

திட்டியாவது எழுதுங்க.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜூன் 10

என் அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் வந்துச்சு. கோபம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, அதான் எழுதல. உன்னை ஒரு மாசம் தவிக்க விட்டுட்டேன்.

அந்த வார்த்தை என்னன்னு நீ எழுதல. எழுத வேண்டியதில்லை. தொண்டையைச் செருமுறது, கட்டைக் குரல், "ஏய்"ன்னு ஆரம்பிக்கிறது. படிச்சதுமே தெரிஞ்சு போச்சு. அது எங்க அப்பா. அப்படித்தான் அவர் எங்க அம்மாவைக் கூப்பிடுவார்.

இத்தனை வருஷமா உனக்கு நான் சொன்னதெல்லாம் சபைக்குச் சொல்ற கதை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல்னு பெருமையா எழுதினேன் பார், அது வீட்டிலும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிச்சுட்டு வருவார், கதவைச் சாத்துவார், தொண்டையைச் செருமுவார். நாங்க இரண்டு பேரும் அந்தச் செருமலுக்கே ஒளிஞ்சுக்குவோம். தம்பி அந்த வார்த்தையை ஒருநாளும் வாயால சொல்லி நான் பார்த்ததில்லை. அவன் பழகல. அவன் மேல அது தினமும் விழுந்துச்சு, அவ்வளவுதான். உன் புருஷனுக்கு வேற முகம் கிடையாது. நீ வாழ்ந்தது நிஜமான ஆள்கூடத்தான்.

வீட்டில் வசனத்தைப் பரப்பி வைக்கிறது ஏதோ பரிசு வாங்கக் கண்டுபிடிச்ச வித்தைன்னு நீங்கள்லாம் நினைக்கிறீங்க. ஊர்ல எங்க அடுத்த வீட்டில் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க. அவங்கதான் அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தாங்க, ஒவ்வொரு வசனத்தையும் ஒரு இடத்தில் வைன்னு. மத்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வசனம்னா இவனுக்கு ஒரு அதிகாரம் கொடுப்பாங்க. இவன் எந்தெந்த இடத்தில் பயந்து ஒளிஞ்சானோ அங்கெல்லாம் வச்சான். கதவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில், குழாய்கிட்ட. அப்பா சத்தம் ஆரம்பிச்சதும் அந்த இடத்து வசனத்தை முணுமுணுப்பான். காதுக்குள்ள வேற எதுவும் நுழையாம இருக்க. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உதட்டையே பார்த்துக்கிட்டு இருப்பேன். நுழைஞ்சுட்டுதான் இருந்திருக்கு, பாவம்.

இன்னொண்ணு. என் காது காய்ச்சல்ல போகல. அவனை அடிக்க அப்பா ஓங்கின கைக்கும் அவனுக்கும் நடுவில் நான் போய் நின்னேன். காய்ச்சல்னு அம்மா டாக்டர்கிட்ட சொன்னாங்க, நானும் அதையே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னா எதுவும் மனப்பாடம் ஆயிடும்.

வருஷா வருஷம் எங்க ஊர்ச் சபை ஆண்டு விழாவில் அப்பாவைப் பத்தி என்னைப் பேசச் சொல்வாங்க. எழுந்து நல்லதா இரண்டு வார்த்தை சொல்லிட்டு உட்காருவேன். எல்லாரும் தலையாட்டுவாங்க. நீ ஒரு தடவை பொத்தினதுக்கு இவ்வளவு குறுகிப் போறியே. நான் இத்தனை வருஷமாப் பொத்திட்டுத்தான் இருக்கேன்.

அவனை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டு வா. காலையில் எப்படி நடப்பானோ அப்படியே நடத்திக் கூட்டிட்டுப் போ. வசனம் புஸ்தகத்தில் இல்லைன்னு அவனே சொல்லியிருக்கானே.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை எப்படி விசாரிக்கிறதுன்னே தெரியல. நல்லா இருங்க, அவ்வளவுதான்.

உங்க கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். காது விஷயம் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேர்கிட்டயும் வார்த்தை இல்லாததால சண்டை போடவும் வழியில்லை.

மறுநாள் காலையில் தோளைக் கொடுத்து வாசக்கதவுகிட்ட நிறுத்தினேன். வாயைப் பொத்தப் போனார், கையைப் பிடிச்சுக்கிட்டேன். கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தொட்டார். தொண்டையைச் செருமினார், எனக்கு உயிரே போச்சு. அப்புறம் நீளச் சங்கீதத்தோட முதல் வசனம் வந்துச்சு அக்கா. அவர் சொந்தக் குரலில். இரண்டாவது, மூணாவது, எட்டும் வந்துச்சு. செருப்புப் பலகைக்கு நகர்த்தினேன், அடுத்த எட்டு. ஜன்னலில் பாதி வந்து நின்னுடுச்சு. குழாய்கிட்ட முழுசா வந்துச்சு. அலமாரியை நான் பங்குனி வெயிலுக்குப் பயந்து இடம் மாத்திட்டேனா, பழைய இடத்துச் சுவரைத் தடவிக்கிட்டே நின்னார். உடனே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அலமாரியைத் திரும்ப நகர்த்தினோம்.

பயிற்சி அம்மா வந்து பார்த்துட்டு, இதை வச்சே பேச்சைப் பிடிக்கலாம்னு சொல்லிக் கொடுத்தாங்க. வேணுங்கிற சொல் எந்த வசனத்தில் இருக்கோ, அதை நான் ஆரம்பிச்சு அந்தச் சொல்லுக்கு முன்னாடி நிறுத்தணும். மேய்ப்பன் சங்கீதத்தில் தண்ணீர் வாங்கிட்டோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஆகாரம். விளக்குப் போடணும்னா தீபம் வர்ற வசனத்தை முதல்லேர்ந்து சொல்றார், அது முடியறதுக்குள்ள நானே போய்ப் போட்டுடுறேன். பாத்ரூம் போறதுக்குத்தான் எந்த வசனமும் மாட்டல. அவரே கண்டுபிடிச்சார். யோனா மீன் வயித்துக்குள்ளிருந்து செய்த ஜெபத்தை ஆரம்பிச்சா நான் ஓடணும். முதல் தடவை புரிஞ்சப்போ இரண்டு பேரும் கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு.

இதுக்காக நானும் மனப்பாடம் பண்றேன். ஆரம்பிச்சு வைக்கவாவது எனக்குத் தெரியணுமே.

ஆனா அந்த வார்த்தையும் வருது. போகல. களைச்சா கூடுதலா வருது. போகாம இருக்கலாம்னு பயிற்சி அம்மா சொல்லிட்டாங்க. வீட்டுக்குள்ள எனக்கு இப்ப பழகிடுச்சு. வெளியே யார் முன்னாடியாவது வந்துட்டா என்ன செய்றதுன்னுதான் தெரியல.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சுகம். நீங்க பதில் போடாம இருக்கீங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

போன ஞாயிற்றுக்கிழமை போதகர் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தார். நான்தான் வரச் சொன்னேன். வரச் சொல்லிட்டு, காலையிலிருந்து வாசலுக்கும் முன்னறைக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். முன்னறையில் அவரை நாற்காலியில் உட்கார வச்சேன். பிள்ளைகள் வாசலுக்கு உள்ளே வந்ததும் அவர் முகம் மலர்ந்துச்சு, செருமினார், அந்த வார்த்தை கணீர்னு வந்துச்சு.

ஒரு பொண்ணு போதகர் சட்டையைப் பிடிச்சுக்கிச்சு. இவர் கை வாய்க்குப் போச்சு. நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வச்சுக்கிட்டேன். முகமெல்லாம் எரியுது அக்கா, வெட்கம் போயிடுச்சுன்னு சொன்னா பொய். ஆனா சொன்னேன், "இது மாஸ்டர் சொல்றது இல்லை. சின்ன வயசுல அவரை யாரோ திட்டினது. அது தானா வெளியே வருது. அவர் சொல்றதை இனிமேதான் கேட்கப் போறீங்க." அப்புறம் வாசக்கதவைக் கையால காட்டி முதல் வசனத்தோட முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்னார். நடுவில் இரண்டு தடவை அது வந்துச்சு. வந்தப்போ பிள்ளைகள் தரையைப் பார்த்துச்சுங்க. முடிஞ்சதும் திரும்பவும் அவர் முகத்தைப் பார்த்துச்சுங்க. சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொண்ணு கடைசியில் அவர்கிட்ட வந்து, ஜன்னல் பங்கில் அவருக்குச் சொல் நின்னு போற இடத்திலிருந்து அடுத்த வரியைச் சொல்லிக் கொடுத்துச்சு.

யார் திட்டினதுன்னு நான் சொல்லல. அது உங்க வீட்டு விஷயம், உங்களைக் கேட்காம சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன். சொன்னது தப்புன்னா மன்னிச்சுடுங்க.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


செப்டம்பர் 21

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ செய்ததில் தப்பே இல்லை. யாருன்னு நீ சொல்லாம விட்டதை நான் சொல்லிட்டு வந்து எழுதுறேன். அதுக்குத்தான் இத்தனை நாள் எழுதாம இருந்தேன். எழுதியிருந்தா சொல்லப் போறேன்னு உனக்கு வாக்குக் கொடுத்திருப்பேன், அப்புறம் நடுவில் பயந்துடுவேனோன்னு என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆண்டு விழாவுக்குப் போனேன். வழக்கம்போல என் பேர் கூப்பிட்டாங்க. பக்கத்தில் இருந்தவங்க முழங்கையைத் தொட்டாங்க, எழுந்தேன். முன்னாடி போய் நின்னு, எங்க அப்பா இந்த இடத்தில் நல்லா வேதம் வாசிப்பார்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. வீட்டில் எங்க அம்மாவை அடிப்பார்னு சொன்னேன். என் காதைப் பத்திச் சொன்னேன். தம்பிக்கு இப்ப வர்ற வார்த்தை அவரோடதுன்னு சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தமா வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. முன்வரிசை முகங்களைப் பார்த்தா கொஞ்சம் கூடுதலா வந்திருக்கும்னு தோணுது. தலையாட்டுறது நின்னு போச்சு. சிலபேர் எழுந்து வெளியே போனாங்க. ஆண்டு விழாவில் போய் இதைச் சொல்லணுமான்னு எனக்கே ஒரு பக்கம் உடம்பு கூசிக்கிட்டு இருந்துச்சு. இருந்தாலும் முடிச்சுட்டுத்தான் இறங்கினேன்.

வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டு டீச்சர் தடியை ஊனிக்கிட்டு வந்து எதிரே நின்னாங்க. இப்ப ரொம்பத் தளர்ந்துட்டாங்க. நான் உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்னு தெரிஞ்சு, மெதுவா, ஒவ்வொரு சொல்லா சொன்னாங்க.

"நம்ம இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தானே. எனக்கு எல்லாம் கேட்கும். அதான் அவனுக்கு அவ்வளவு வசனம் கொடுத்தேன்."

வேற ஏதாவது செய்திருக்கலாமேன்னு எனக்குக் கேட்க வந்துச்சு. கேட்கல. அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அவங்க உதடு எனக்குத் தெரியல. ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். பிடிக்கணும்னு தோணினதா, விழுந்துடுவாங்களோன்னு பிடிச்சேனான்னு இப்பவும் தெரியல.

அடுத்த வாரம் வர்றேன். மேஸ்திரிகிட்ட லீவு சொல்லியாச்சு.

அக்கா